முதலில் உட்கார்ந்து கணக்கிடுவோம்: ஓர் ஊரின் கரியமில வாயுத் தடம்



2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவை நம் பகுதி மக்கள் எளிதில் மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று மழையைக் கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் வழியாக மரக்காணம் போகும் சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களில் வயல் எது, ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தண்ணீர் நின்றது. இதே கடற்கரைப் பகுதி 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலையும் கண்டது.

ஒரு புயலைக் காட்டி, இது புவி சூடேறியதால் மட்டுமே வந்தது என்று எவரும் சொல்லிவிட முடியாது. புயல்கள் முன்பும் வந்தன. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல் விதி. தாங்கிய ஈரம் ஒருநாள் மழையாகக் கொட்டத்தான் வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. இது நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து மனிதர்கள் சேர்த்த சுமை.

இந்தச் சுமையில் நம் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நம்மில் பலர் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்கிறோம். "பெரிய நாடுகள் செய்த பாவத்துக்கு நாம் என்ன செய்வது?" என்பது ஒன்று. "பங்கில் நூறு மரக்கன்று நட்டுவிட்டோமே!" என்பது மற்றொன்று. இரண்டு பதில்களும் கணக்குப் பார்க்காமல் சொல்லப்படுபவை.

லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்பும் ஒருவரைப் பற்றி ஆண்டவர் சொல்லும் உவமை நமக்குத் தெரியும். அவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தம்மிடம் வசதி இருக்கிறதா என்று செலவைக் கணக்கிடுவார். கணக்கிடாமல் தொடங்கினால் அடித்தளத்தோடு நின்றுபோகும். படைப்பைப் பேணும் பணிக்கும் இது பொருந்தும். எங்கே சுமை இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே, எதைக் குறைப்பது, யார் குறைப்பது என்று பேச முடியும்.

கார்பன் தடம் என்றால் என்ன?

ஒரு வீடோ, ஒரு பங்கோ, ஓர் ஊரோ ஓர் ஆண்டில் தன் வாழ்க்கைக்காகக் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவின் எடையே அதன் கார்பன் தடம். ஈர மண்ணில் நடந்தால் கால் தடம் பதிவதுபோல, நாம் வாழும் வாழ்க்கை காற்றில் பதிக்கும் தடம் இது. கிலோவிலும் டன்னிலும் இதைச் சொல்வார்கள்.

வேறு வாயுக்களும் இருக்கின்றன. தண்ணீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும், மாட்டின் வயிற்றிலிருந்தும், மக்கும் குப்பை மேட்டிலிருந்தும் மீத்தேன் வாயு வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. எனவே எல்லா வாயுக்களையும் கரியமில வாயுவுக்குச் சமமான எடையாக மாற்றி ஒரே கணக்கில் எழுதுகிறார்கள்.

கணக்கிட நான்கைந்து எண்களை நினைவில் வைத்தால் போதும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஏனெனில் பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 42 கிலோ. எரிபொருளின் எடையைவிட வாயுவின் எடை கூடுதலாக இருப்பது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால்தான்.

மூன்று வீடுகள்

ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஒரே பங்கில் மூன்று வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வீடு உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் மின்சாரம் ஆகிறது. இலவச 100 யூனிட்டுக்குள் வருவதால் பில் இல்லை. ஆண்டுக்கு 540 யூனிட், அதாவது 378 கிலோ கரியமில வாயு. சிலிண்டர் ஆண்டுக்கு நான்கு. மீதிச் சமையல் விறகில். நான்கு சிலிண்டருக்கு 168 கிலோ. போவது வருவதெல்லாம் பேருந்தில். மொத்தம் ஏறத்தாழ 550 கிலோ.

இரண்டாவது வீட்டில் குடும்பத் தலைவர் திண்டிவனத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். ஆண்டுக்கு 1,200 யூனிட், 840 கிலோ. எட்டு சிலிண்டருக்கு 336 கிலோ. ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் வீதம் 300 நாள் மோட்டார் சைக்கிள் ஓட்டினால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 120 லிட்டர் பெட்ரோல், 276 கிலோ. மொத்தம் ஏறத்தாழ 1,450 கிலோ.

மூன்றாவது வீட்டில் ஏ.சி. இருக்கிறது, கார் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். ஆண்டுக்கு 4,200 யூனிட், 2,940 கிலோ. பத்து சிலிண்டருக்கு 420 கிலோ. கார் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 800 லிட்டர் பெட்ரோல், 1,840 கிலோ. மொத்தம் 5,200 கிலோ.

ஞாயிறு திருப்பலியில் ஒரே வரிசையில் அமரும் மூன்று குடும்பங்கள் இவை. முதல் வீட்டைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் மூன்றாவது வீட்டின் தடம். ஆனால் மழை கொட்டியபோது முதலில் தண்ணீர் புகுந்தது எந்த வீட்டுக்குள்? உப்பளம் மூழ்கினால் எத்தனை நாள் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், பூமியின் கதறலையும் ஏழையின் கதறலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியதன் பொருள், இந்த மூன்று வீடுகளின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

உலக அளவிலும் இதே நிலைதான். இந்தியர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 2 டன் அளவில் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். அமெரிக்கர் ஒருவர் ஏறத்தாழ 14 டன். எனவே "பெரிய நாடுகள்தான் காரணம்" என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் நாடுகளுக்கு இடையே நாம் கேட்கும் நீதியை நம் பங்குக்குள்ளேயும் கேட்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவைக் கைகாட்டும் விரல், மூன்றாவது வீட்டில் இருந்துகொண்டு முதல் வீட்டின் பின்னால் ஒளிந்துகொள்வது முறையாகுமா?

பில் வராத சுமை

வீட்டோடு கணக்கு முடிவதில்லை. நம் ஊர்கள் நெல்லும் மணிலாவும் கரும்பும் விளையும் ஊர்கள். விவசாயப் பம்ப்செட்டுக்குத் தமிழகத்தில் மின்சாரம் இலவசம். விவசாயிக்கு அது தேவையான உதவி. ஆனால் பில் வராததால் சுமை கண்ணில் படுவதில்லை. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் வீதம் 200 நாள் ஓடினால் 4,000 யூனிட், அதாவது 2,800 கிலோ. இரண்டாவது வீட்டின் மொத்தத் தடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிலத்தடி நீர் இறங்க இறங்க இன்னும் பெரிய மோட்டார் வேண்டியிருக்கும், இந்த எண்ணும் ஏறும்.

தொடர்ந்து தண்ணீர் நிற்கும் ஒரு ஏக்கர் நெல்வயல், ஒரு போகத்தில் தோராயமாக ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமான மீத்தேனை வெளிவிடும். மண்ணையும் உரத்தையும் பொறுத்து இது மாறும். ஒரு கறவை மாட்டின் கணக்கும் ஆண்டுக்கு ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும்.

இதைக் கேட்டு விவசாயியைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. அவர் விளைவிப்பது நாம் எல்லாரும் உண்ணும் சோறு. எனவே வயலின் கணக்கும் மாட்டின் கணக்கும் ஊரின் பொதுக் கணக்கில் எழுதப்பட வேண்டும். குறைக்கும் செலவையும் ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கணக்கெடுத்த ஓர் ஊர்: மீனங்காடி

இப்படி ஓர் ஊர் முழுவதும் கணக்கெடுப்பது நடக்கிற காரியமா என்ற ஐயம் எழலாம். நம் அண்டை மாநிலத்தில் அது நடந்திருக்கிறது.

கேரளாவில் வயநாடு மாவட்டத்தில் மீனங்காடி என்று ஒரு கிராம ஊராட்சி உள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 33 ஆயிரத்துக்குச் சற்று அதிகமான மக்கள். 2015-இல் பாரிஸ் ஒப்பந்தம் உருவானதைத் தொடர்ந்து, 2016-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று, தன் ஊர் வெளிவிடும் கரியமில வாயுவும் ஊரின் மரமும் மண்ணும் உள்வாங்கும் கரியமில வாயுவும் சமமாக வேண்டும் என்ற திட்டத்தை அந்த ஊராட்சி தொடங்கியது. அப்போது மாநில நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் இதற்கு ஊக்கம் கொடுத்தார். தணல் என்ற தொண்டு நிறுவனம் கணக்கெடுப்பில் துணை நின்றது. மின்சாரம், சமையல், வாகனங்கள், கால்நடை, வயல், குப்பை என எல்லாம் கணக்கில் வந்தன. ஊரிலுள்ள மரங்களும் மண்ணும் எவ்வளவு கரியை உள்வாங்குகின்றன என்றும் பார்த்தார்கள்.

முடிவு என்ன? 2016-17-ஆம் ஆண்டில் ஊர் வெளிவிட்டது 33,375 டன். ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன். மரமும் மண்ணும் உள்வாங்கியது ஏறத்தாழ 21,960 டன். எஞ்சியது சுமார் 11,400 டன். பச்சைப் பசேலென்று காப்பியும் மிளகும் விளையும் வயநாட்டு ஊருக்கே இத்தனை பாக்கி! காட்டையும் தோட்டத்தையும் பார்த்து "நம் ஊரில் சுமையே இல்லை" என்று நினைத்திருந்தவர்களுக்கு, அளந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கும் ஓர் எண் கிடைத்தது.

மரத்தைக் காக்க அவர்கள் கண்ட வழி கவனிக்கத்தக்கது. ஏழை விவசாயி மரத்தை வெட்டுவது பெரும்பாலும் ஆசையால் அல்ல. மகள் திருமணம், மருத்துவச் செலவு என்று பணம் தேவைப்படும்போதுதான். எனவே மர வங்கி என்ற திட்டம் வந்தது. நட்டு வளர்க்கும் ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகளுக்குக் கூட்டுறவு வங்கி மூலம் விவசாயிக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கும். இதற்காக மாநில அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. மரம் நிற்கும்வரை கடனைக் கேட்க மாட்டார்கள். வெட்டினால் திருப்பிச் செலுத்த வேண்டும். ஊருக்காக மரத்தை நிறுத்தி வைப்பவருக்கு ஊர் தரும் நன்றிக்கடன் இது என்று சொல்லலாம்.

2020-ஆம் ஆண்டுக்குள் சமநிலை அடைய வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கிய பணி, நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. மர வங்கிப் பணம் விவசாயிகள் கைக்கு வந்ததே 2021-இல்தான். 2024 ஜூலை 30 அன்று அதே வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஒரு ஊராட்சி தன் கணக்கைச் சரிசெய்துவிட்டால் அதன் வானம் உடனே மாறிவிடாது. காற்றுக்கு ஊராட்சி எல்லை கிடையாது. ஆனால் எல்லா ஊரும் இதையே காரணமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டால் காற்று என்றுமே மாறாது.

பில்லைப் பார்த்து விழித்த ஊராட்சி

தமிழகத்திலும் முன்மாதிரி உண்டு. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி, குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் ஆன மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு விழித்துக்கொண்டது. சண்முகம் அவர்கள் தலைவராக இருந்த காலத்தில், 2006-ஆம் ஆண்டு, ஊராட்சிச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. ஆண்டுக்கு ஆறு லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கிடைத்தது. ஊரின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். இன்றைய கணக்கில் அது ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேல் கரியமில வாயுவைத் தவிர்ப்பதற்குச் சமம். அவர்கள் கார்பன் என்று பேசித் தொடங்கவில்லை. கரண்ட் பில்லைக் கணக்குப் பார்த்துத் தொடங்கினார்கள்.

நடப்படாத காடு

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் திருஅவையின் அனுபவமே ஒரு பாடம். 2007-ஆம் ஆண்டு ஒரு நிறுவனம், ஹங்கேரி நாட்டில் வத்திக்கான் பெயரில் காடு வளர்ப்பதாகவும், வத்திக்கான் ஓர் ஆண்டில் வெளிவிடும் கரியமில வாயுவை அந்தக் காடு ஈடுசெய்யும் என்றும் சொல்லிச் சான்றிதழ் வழங்கியது. உலகின் முதல் சமநிலை நாடு என்று செய்திகள் வந்தன. 2010-ஆம் ஆண்டு பத்திரிகையாளர்கள் விசாரித்தபோது, அந்தக் காடு நடப்படவேயில்லை என்று தெரிந்தது.

அதே காலத்தில் வத்திக்கான் செய்த இன்னொரு செயல் நிலைத்து நின்றது. 2008-ஆம் ஆண்டு, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் சுமார் 2,400 சூரிய மின் தகடுகள் பொருத்தப்பட்டன. கூரையில் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம், மீட்டரில் படிக்கலாம். வேறொருவர் எங்கோ நடப்போவதாகச் சொன்ன மரத்தை அப்படிப் பார்க்க முடியவில்லை. கரியைக் காசாக்கி விற்று வாங்கும் சந்தை, நம் வாழ்க்கை முறையை மாற்றாமலே தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடக்கூடும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எச்சரித்ததை இங்கே நினைத்துக்கொள்வோம்.

மரம் நடுவது வீணா? இல்லவே இல்லை. நிழலுக்கும் மழைநீருக்கும் பறவைக்கும் மரம் வேண்டும். ஆனால் அதன் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குத் தோராயமாக 20 கிலோ கரியமில வாயுவை உள்வாங்கும். மரத்தின் இனத்தையும் வயதையும் பொறுத்து இது மாறும். அப்படியானால் கோயில் வளாகத்தில் நூறு மரம் வளர்ந்து நின்றால் ஆண்டுக்கு 2 டன். மூன்றாவது வீட்டின் தடத்தில் பாதிகூட இல்லை. நம் பகுதியில் நிறையப் பயிராகும் சவுக்கு, நான்கைந்து ஆண்டில் வெட்டப்பட்டு விறகாகவோ காகிதமாகவோ போகிறது. அது பிடித்து வைத்த கரியும் விரைவில் காற்றுக்கே திரும்பிவிடும். பனையும் புளியும் வேம்பும் போல நீண்ட காலம் நிற்பவையே கணக்கில் நிற்கும். அதைவிட முக்கியம், இருப்பதை அழிக்காமல் இருப்பது. மரக்காணம் அருகே உள்ள கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இப்படிப்பட்ட சதுப்பு நிலங்களின் சேற்றில் பல காலமாகச் சேர்ந்த கரி உறங்குகிறது. வெள்ள நீரைத் தாங்கிக்கொள்வதும் அவைதான்.

ஒரு பங்கின் கணக்கு

மீண்டும் நம் எடுத்துக்காட்டுப் பங்குக்கு வருவோம். 300 குடும்பங்கள். அவற்றில் 100 முதல் வீட்டைப் போன்றவை, 170 இரண்டாவது வீட்டைப் போன்றவை, 30 மூன்றாவது வீட்டைப் போன்றவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறத்தாழ 457 டன். இதை மரத்தால் மட்டுமே ஈடுகட்ட ஏறத்தாழ 23,000 வளர்ந்த மரங்கள் வேண்டும். அத்தனை நிலத்துக்கு எங்கே போவது? பத்தில் ஒரு பங்காக உள்ள அந்த 30 குடும்பங்கள் மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கின்றன என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது.

இப்போது குறைப்பதைப் பார்ப்போம். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். இப்போது கிடைக்கும் சிக்கன மின்விசிறி 30 வாட் எடுக்கும். நாளைக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஒரு விசிறியில் 160 யூனிட் மிச்சம், 110 கிலோவுக்கு மேல் குறைவு. 200 வீடுகளில் இரண்டு விசிறி வீதம் மாற்றினால் 45 டன். கார் வைத்திருக்கும் 30 வீடுகளும் கூரையில் 3 கிலோவாட் சூரிய மின் தகடு வைத்தால், ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,300 யூனிட் வீதம் மொத்தம் 90 டன். 2024-இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. இரண்டும் சேர்ந்து 135 டன். மொத்தச் சுமையில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிட்டது. முதல் வகையில் உள்ள நூறு வீடுகளிடம் எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வயலில் நம் முன்னோர் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் முறையே நல்ல மருந்து. எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மண் லேசாகக் காய்ந்த பிறகு மறுபடி பாய்ச்சினால், மீத்தேன் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். தண்ணீரும் மிச்சம், மோட்டார் ஓடும் நேரமும் மிச்சம். மாடு வைத்திருப்போர் சாண எரிவாயுக் கலன் அமைத்தால் சிலிண்டர் செலவு குறையும், வயலுக்கு உரமும் கிடைக்கும். விறகு அடுப்பில் ஊதும் சகோதரிகளின் கண்ணும் நுரையீரலும் காக்கப்படும். முதல் வீட்டின் தடம் குறைவு என்பதற்காக, அவர்கள் புகையிலேயே இருக்கட்டும் என்று சொல்வது கிறிஸ்தவ அன்பாகாது. அவர்களுக்கு இன்னும் இரண்டு சிலிண்டர் கிடைத்து அவர்கள் தடம் சற்று ஏறினாலும் அது நீதியே.

கோயிலையும் சேர்த்துக்கொள்வோம். பத்து நாள் திருவிழாவில் ஜெனரேட்டருக்கு நாளைக்கு 20 லிட்டர் டீசல் என்றால் 540 கிலோ. அதாவது உப்பளக் குடும்பம் ஒன்றின் ஓர் ஆண்டுத் தடம். திருவிழா வேண்டாம் என்று சொல்லவில்லை. சீரியல் விளக்கையும் மைக் செட்டையும் எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்று திருவிழாக் குழு பேசலாமே! வேளாங்கண்ணித் திருப்பயணம் போய்வர நமக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். 50 பேர் பேருந்தில் போனால் ஆளுக்கு 5 கிலோ. நான்கு பேர் காரில் போனால் ஆளுக்கு 15 கிலோ. புதிய கட்டடம் கட்டினால், ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 30 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மூட்டைக்கு 30 டன். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்கிடுபவருக்கு இனி இந்தச் செலவும் சேரட்டும்.

எப்படித் தொடங்குவது?

இதற்கு நிபுணர்கள் வர வேண்டியதில்லை. ஒவ்வொரு அன்பியமும் ஒரு ஞாயிறு மாலை கூடும்போது ஆறு கேள்விகளைக் கேட்டு எழுதினால் போதும். மின் அட்டையில் கடந்த ஆறு முறை பதிவான யூனிட் எவ்வளவு? ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர்? வாரத்துக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல், டீசல்? பம்ப்செட் எத்தனை குதிரைத்திறன், எத்தனை மணி நேரம்? நெல் எத்தனை ஏக்கர்? மாடு எத்தனை? மேலே சொன்ன எண்களால் பெருக்கிக் கூட்டும் வேலையை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் குடும்பத்தின் பெயர் வேண்டாம். அன்பியத்தின் மொத்தம் மட்டும் போதும். இது ஒருவரையொருவர் குறைசொல்லும் கணக்கெடுப்பாக மாறிவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். ஆனால் தன் வீட்டின் எண் என்ன என்பது அந்தந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்வதுபோல, அவரவர் தம் எண்ணோடு தனியே இருந்து சிந்திக்கட்டும்.

இந்தக் கணக்கு முழுமையானது அல்ல. நாம் வாங்கும் துணி, அரிசி, கைப்பேசி ஆகியவற்றின் தடம் இதில் இல்லை. பரவாயில்லை. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே கேள்விகளைக் கேட்டு, எண் ஏறியதா இறங்கியதா என்று பார்த்தாலே பாதை தெரிந்துவிடும். கிடைத்த எண்ணைப் பங்குப் பேரவையில் வைத்து, முதலாண்டில் பத்தில் ஒரு பங்கு குறைப்பது என்று தீர்மானிக்கலாம். வசதி உள்ளோர் கூடுதலாகக் குறைக்கவும், மின்கட்டணத்தில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை வின்சென்ட் தே பவுல் சபை வழியாக ஏழை வீடுகளின் கூரைக்கும் அடுப்புக்கும் கொடுக்கவும் முன்வந்தால், கணக்கு அன்புப் பணியாக மாறும்.

தொடக்க நூலில் இறைவன் மனிதரை ஏதேன் தோட்டத்தில் வைத்தது, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும்தான். தோட்டத்துக் கணக்கை ஒருநாள் உரிமையாளர் கேட்பார். அடுத்த வடகிழக்குப் பருவமழை வருவதற்குள், நம் அன்பியத்தில் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து உட்காருவோமா?